மாங்கூழ், ஆனி மாதம்

நீ எழுதினாய்:
இங்கே குளிர், மற்றபடி ஒன்றுமில்லை.
நான் எழுதினேன்:
இங்கே வெயில், மற்றபடி ஒன்றுமில்லை.
இரண்டு இன்லேண்டு தாள்களும்
வழியில் எங்கேயோ தாண்டிப் போயிருக்கும்
முகம் பார்க்காமல்.

போர்வெல் நானூறு அடியில் புழுதி கக்கியதை
நான் எழுதவில்லை.
பாரூர்த் தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமல்
மணியடித்துவிட்டுப் போனால்
இன்றைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
மணியடிக்காமல் அவர் இறங்கினால்தான்
எனக்குக் கால் வராது.

காவேரிப்பட்டணம் பேக்டரியில் ராத்திரி ஷிப்ட்.
பெங்களூரா லாரி லாரியாக வந்து கொட்டும்.
பால் பட்டு விரலிடுக்கு வெந்துபோகும்.
எண்ணெய் தடவினால் கத்தி வழுக்கும்,
தடவாவிட்டால் எரியும்.
எரியட்டும் என்று விட்டோம்.
சூப்பர்வைசர் ரேடியோவில் செய்தி வைப்பார்.
திராஸ் என்பார்கள், படாலிக் என்பார்கள்.
நசீமா கிட்டே வந்து கேட்பாள்,
'உங்க ஊட்டுக்காரர் இதுல எங்க இருக்காரு?'
உன் முகவரியில் ஊரே இல்லை,
ஐம்பத்தாறு என்று ஓர் எண் மட்டும்.
ரேடியோ சொன்ன ஒவ்வோர் ஊரிலும்
உன்னை வைத்துப் பார்த்தேன்.
செய்தி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

ஒருநாள் பேச்சு கிளம்பியது:
இந்த லாட்டு மிலிட்டரிக்குப் போகுதாம்.
அன்றைக்கு அறுபது பெண்கள்
வாயை மூடிக்கொண்டு வெட்டினோம்.
கண்டும் காணாமல் தள்ளிவிடும் கறுப்புப் புள்ளியை
நகத்தால் தோண்டி எடுத்தோம்.
கூலி எடைக்குத்தான் என்பது மறந்துபோனது.
சாக்கம்மாளுக்கு மகன் இல்லை, தம்பி இல்லை,
பட்டாளத்தில் தூரத்து உறவுகூட இல்லை.
அவள்தான் எல்லோரையும்விட மெதுவாக வெட்டினாள்.
விடிந்ததும் முதலாளி வந்து கத்தினார்,
பாதி லோடுகூட ஓடவில்லை என்று.

நான் ஒரு டின்னின் அடியில்
சேலை ஊக்கால் ஒரு கோடு கிழித்தேன்.
பெயர் எழுதப் பயம்.

அடுத்த வாரம்
அட்டைப்பெட்டியில் முத்திரை குத்தியபோது பார்த்தேன்:
ஜெத்தா.
யாரிடமும் சொல்லவில்லை.
சாக்கம்மாளிடம் எப்படிச் சொல்வேன்?

திம்மராயன் போச்சம்பள்ளிக்கு வந்த அன்று
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்து
வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.
கூட்டத்தில் பெட்டி தெரியவில்லை,
மைக் கட்டிய ஆட்டோதான் தெரிந்தது.
அவன் மனைவி செவந்தி
நெரிசலில் கழன்ற ஒற்றைச் செருப்பைத்
தேடிக்கொண்டே இருந்தாள்.
புதுசு, புதுசு என்றாள்.
நாங்களும் குனிந்து தேடினோம்.

குனிந்திருந்தபோது என் மனதில் ஓடியதை
சாமியிடம்கூடச் சொன்னதில்லை.
நல்லவேளை.
அவ்வளவுதான், அந்த ஒரு சொல்.
மாம்பால் மாதிரி அது,
கழுவக் கழுவப் பரவுகிறது.

நீ ஐப்பசியில் வந்தாய்.
ஒரு காது மடல் கறுத்து உரிந்திருந்தது.
களி கேட்டாய்.
உருண்டையைக் குழம்பில் தோய்க்காமல்
உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாய்,
சூடு ஆறும்வரை.

அங்கே என்ன சாப்பாடு என்றேன்.
ரொட்டி, டின்னில் அன்னாசி என்றாய்.
பிறகு என் கையைப் பார்த்தாய்,
தழும்பு ஏறிய விரலிடுக்குகளை.
மாங்கூழும் வந்தது என்றாய்.
'நல்லா இருந்துச்சா?'
'ரொம்ப இனிப்பு.'

டின்னுக்கு அடியில் கோடு இருந்ததா என்று
கேட்க வாய் வரை வந்தது.
கேட்டிருந்தால்
இருந்தது என்றுதான் சொல்லியிருப்பாய்.

போர்வெல்லில் தண்ணீர் வந்ததா என்றாய்.
வந்தது என்றேன்.
மோட்டார் சுவிட்சு நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து
நாலு எட்டு.
நீ எழுந்திருக்கவில்லை.