இருபத்தாறால் வகுத்தல்

முப்பதால் வகுக்கக் கூடாது.
வெள்ளிக்கிழமைகளை உதறிவிட்டால்
மாதத்துக்கு இருபத்தாறு நாள்.
இந்த நாற்காலிக்கு வந்த முதல் வாரம்
யாரோ ஒரு டிரைவருக்கு முப்பதால் வகுத்து
இருநூற்றுச் சொச்சம் தினாரை விழுங்கிவிட்டேன்.
முதீர் ஹிஷாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜஹ்ரா. நீரேற்று நிலையங்களின் நிர்வாகக் கட்டடம்.
இரண்டாம் மாடி, நான்காம் கவுன்ட்டர்.
வேலை முடிந்து போகிறவர்கள்
எடுக்காமல் விட்ட விடுப்பைக்
காசாக்கித் தருவது என் வேலை.
அடிப்படைச் சம்பளம், வகுத்தல், பெருக்கல்,
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
அரை ஃபில்ஸ் வந்தால் மேலே ஏற்றலாம்.
அவ்வளவு தயவு விதியிலேயே இருக்கிறது.

இன்று தவசிமுத்து.
பம்ப் ஆபரேட்டர், இருபத்தெட்டு வருஷம்.
அடிப்படை முந்நூற்று இருபத்தைந்து,
நாளுக்குப் பன்னிரண்டரை.
எடுக்காத நாட்கள் இருநூற்றுப் பதினான்கு.
நூற்றைம்பதுக்கு மேல் தர விதியில்லை.
மீதி அறுபத்து நான்கும்
'காலாவதி' என்ற கட்டத்தில் தானாகப் போய் விழும்.
தயிர் டப்பாவில் அச்சடிக்கிற அதே சொல்.

"ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தஞ்சு, அண்ணாச்சி.
இங்க ஒரு கையெழுத்து."

போடவில்லை.
தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து
வருஷவாரிப் பட்டியலில் விரலை இறக்கினார்.
"பதினொண்ணுல மூணு நாள் லீவுன்னு இருக்கு.
நான் போகலயே."

டிக்கெட் எடுத்திருந்தாராம்.
கொழுந்தியாள் கல்யாணம்.
கிளம்பும் நாள் விடியலில் மெயின் லைன் வெடித்து,
மாற்று ஆள் இல்லாமல்,
கட்டிய பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு
டூட்டிக்குத் திரும்பினாராம்.
விடுப்பை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

"சேர்த்தாலும் ஒண்ணும் ஆகாது, அண்ணாச்சி.
ஏற்கெனவே நூத்தம்பதைத் தாண்டித்தான் நிக்குது.
அந்த மூணும் காலாவதியிலதான் போய் விழும்.
ஒரு ஃபில்ஸ்கூட ஏறாது."

"தெரியும்மா."

"பின்னே?"

"நான் இருந்தேன்ல."

நிலவறைக்கு இறங்கினேன்.
ரஃபீகுல் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
ஐந்து வருஷத்துத் தூசியைத் தள்ளி
வருகைப் பதிவேட்டை எடுத்தோம்.
வலமிருந்து இடமாக ஓடும் பக்கங்கள்,
எல்லா மையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க
எதிர்த்திசையில் ஒரு கையெழுத்து:
த. தவசிமுத்து.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மூன்றாவதில் 'மு' ஊறிப் படர்ந்திருந்தது.
கை ஈரமாக இருந்திருக்கும்.

அறுபத்து நான்கை அறுபத்து ஏழாக்கினேன்.
கீழே தொகை அசையவில்லை.
புதுத் தாளைப் பார்த்து ஹிஷாம் கேட்டார்:
"என்ன திருத்தம்?"
மூன்று நாள்.
"எவ்வளவு கூடுகிறது?"
ஒன்றுமில்லை.
தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு
என்னையும் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரையும் பார்த்து
முத்திரையை இருமுறை ஊதி, அழுத்தினார்.

மணி பதினொன்றேகால்.
"முடிஞ்சது, அண்ணாச்சி. நீங்க போகலாம்."
"இன்னைக்கும் சம்பளக் கணக்குல இருக்கா?"
"இருக்கு. இன்னைக்குத்தான் கடைசி நாள்."
"அப்ப ரெண்டு மணி வரைக்கும் இருக்கேன்."

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலி.
ஏழு டோக்கன்கள் அவரைக் கடந்து போயின.
சூடான்காரருக்கு முப்பத்தெட்டு நாள்,
ஒரு நர்ஸுக்கு ஒன்பதே முக்கால்.
இடையில் ஒருமுறை எழுந்து
சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகிவிட்டு
மறுபடி உட்கார்ந்தார்.

சரியாக இரண்டுக்கு
வாசல் இயந்திரத்தில் விரல் வைத்தார்.
சிவப்பு விளக்கு.
துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு.
முத்திரை விழுந்த கையோடு
அவர் எண்ணை மூடியது நான்தான்.

திரும்பி என்னைப் பார்த்தார்.
டிராயரைத் திறந்து
வெற்றுத் தாள் ஒன்று தேடினேன்.