நாவலடி ஒத்திகை

கல்லடிப் பாலத்தடியில்
ஒரு சுண்டு நாவற்பழம் இருநூறு ரூபாய்.
காட்போட் மட்டையில் எழுதியிருந்தது:
"சீனி வருத்தம் மாறும். இரத்தம் சுத்தமாகும்."
எழுத்துப்பிழை ஏதுமில்லை.
பிழை வேறெங்காவது இருக்கலாம் என்று
இரண்டு சுண்டு வாங்கிக்கொண்டு
வந்தாறுமூலைக்கு பஸ் ஏறினேன்.

ஆய்வுகூடத்தில் கச்சான் காற்று
யன்னலைப் பூட்டினாலும் உள்ளே வரும்.
தோலை உரித்து மதுசாரத்தில் ஊறவைத்து வடித்தால்
கறுப்பென்று நாம் சொல்லும் பழம்
கறுப்பே இல்லை.
தேசிப்புளி ஒரு துளி: சிவப்பு.
அப்பச்சோடா ஒரு சிட்டிகை: நீலம், பிறகு பச்சை.
தனக்கென்று ஒரு நிறமில்லாததை
நிறமி என்கிறோம்.

பேக்கரி ஈஸ்ட், மூன்று குழாய்களில்.
முதலாவதில் சாறில்லை.
இரண்டாவதில் சொற்பம்.
மூன்றாவதில், "நல்லா ஊத்துங்க அக்கா,
நல்லதுதானே" என்றாள் றிஸ்மினா.
இரவு முழுக்க விட்டு
இன்று மூன்றுக்கும் பெரொக்சைட்;
புண் கழுவும் அதே நுரை.

பிறகு நீலச்சாயம்.
உயிருள்ள கலம் சாயத்தை உள்ளெடுத்து
நிறத்தைத் தின்றுவிடும், வெளிறியே இருக்கும்.
செத்ததுதான் நீலமாய் நிற்கும்.
கட்டம் கட்டமாய் எண்ணினேன்,
எண்ணியை அமத்தி அமத்தி.
முதலாவதில் நூறுக்கு அறுபத்தொன்று நீலம்.
இரண்டாவதில் இருபத்தெட்டு.
மூன்றாவதில் எழுபத்துநான்கு.
றிஸ்மினா திரும்ப எண்ணினாள்.
எழுபத்தாறு.

சாறுதான் காப்பாற்றுகிறதென்றால்
அதிகம் ஊற்றியது
அதிகம் காப்பாற்றியிருக்க வேணும்.
சாறு கலத்துக்கு உறவில்லை.
வாசலில் வந்து நிற்கும் அந்நியம்.
உடைந்து உருக்குலைந்து
கொஞ்சமே கொஞ்சம் உள்ளே போய்த் தட்ட,
கலம் திடுக்கிட்டு எழும்பி
தன் நொதியங்களைத் தானே சமைக்கிறது.
பெரொக்சைட் வரும்போது
அது விழித்திருக்கிறது.
அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று விடிய எங்கள் ஊரில் சைரன்.
ஒத்திகை என்று நேற்றே
ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
நாவலடி. எங்கள் ஒழுங்கையில் ஒரு நாவலும் இல்லை,
அந்த மார்கழிக்குப் பிறகு.
எல்லோரும் நடந்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டு.
அடுத்த வளவு அருட்கீதன் மட்டும்
செருப்பில்லாமல், அடையாள அட்டைப் பையோடு
பாலம்வரை ஓடினார்.
திரும்பி வரும்போது சட்டை நனைந்திருந்தது.
வியர்வைதான்.
வருசத்துக்கு ஒருக்கா என்றால்
பாதை கால்களுக்கு ஞாபகமிருக்கும்.
நாளுக்கு ஒருக்கா ஊதினால்
ஊர் எழும்பாது,
அவர் செத்துப்போவார்.

அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
மிச்சப் பழம் கடதாசிச் சுருளில்.
நாலு தின்றேன்.
ஐந்தாவதில் தொண்டை கயர்த்து இறுகிற்று.
அலுமாரிக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
நீலம்.
"உசிரோடதான் இரிக்கீங்க" என்றாள் றிஸ்மினா,
எண்ணியை
ஒருதரம் அமத்தி.