இரண்டுக்குப் பூஜ்யம்

அணைக்கட்டு வட்டார வள மையத்தில்
இரண்டு நாள் பயிற்சி.
"குழந்தைகளின் பெயரை அதற்குள் போடாதீர்கள்" என்றார் பயிற்றுநர்.
குறித்துக்கொண்டேன்.
"அது சொல்வதை நீங்களும் ஒருமுறை படியுங்கள்" என்றார்.
அப்போது சாம்பார் சாதம் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, முப்பத்தெட்டுத் தாள்.
பள்ளிகொண்டாவில் அன்றிரவு
மின்விசிறி சுற்றிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.
சுங்கச்சாவடிப் பக்கம் லாரிகள் பெருமூச்சு விட்டபடி இருந்தன.
பழைய பால் கணக்கு அட்டையால்
ஒவ்வொரு தாளின் தலையையும் மறைத்துப்
படம் பிடித்து அனுப்பினேன்.
பெயர் போகவில்லை.
பயிற்சிக்குத் துரோகம் இல்லை.

நான்கே நிமிடம்.
முப்பத்தெட்டுக்கும் மதிப்பெண்,
தாளுக்கு இரண்டு வரி அன்பு வேறு.
"நல்ல முயற்சி, தொடர்ந்து முன்னேறு."
இருபது வருஷத்தில் நான் யாருக்கும்
இத்தனை அன்பாக எழுதியதில்லை.
அது சொன்னதையெல்லாம்
சிவப்பு மையில் ஏற்றி
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மூன்றாம் பாடவேளை.
லோகப்பிரியா தாளை என் மேசையில் வைத்தாள்.
"இது தப்பா மிஸ்?"

ஆறு என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.

*ஆறு என்பது மணல்.
நடுவில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும்.
முதலில் ஊறுவது கலங்கல், இறைத்துவிட வேண்டும்.
இரண்டாவது குடம் நல்ல தண்ணீர்.*

பக்கத்தில் பூஜ்யம்.
கீழே, என் கையால்:
"ஆறு என்பது இயற்கையாக ஓடும் நன்னீர். பாடத்தை மீண்டும் படிக்கவும்."

சன்னலுக்கு அப்பால்தான் பாலாறு.
நான் இந்தப் பள்ளிக்கு வந்தபின்
நான்கு தடவை ஓடியிருக்கிறது.
நான்கு தடவையும் வகுப்பை விட்டுவிட்டு
வேடிக்கை பார்க்கப் போனோம்.

பழியை அதன்மேல் போட வாய் வந்தது.
ஓடும் ஆறுகளையே படித்து வளர்ந்தது, பாவம்.
ஆனால் நடுநிசியில்
முப்பத்தோராவது தாளாக இது வந்திருந்தால்
நானும் சுழிதான் போட்டிருப்பேன்.
போன வருஷம் யார் யாருக்குப் போட்டேனோ,
அந்தத் தாள்கள்
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போய்விட்டன.

"இதை நான் திருத்தல" என்றேன் வகுப்பில்.
அது எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன்.
பின்வரிசையில் ஹேமச்சந்திரன்:
"அப்ப கையெழுத்து யாருது மிஸ்?"

முப்பத்தெட்டையும் திரும்ப வாங்கினேன்.
மூன்று ராத்திரி.
முப்பத்தொன்றில் அது போட்டதே சரி,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
மிச்சம் ஏழில்
நாலு பேர் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தார்கள்.
மூன்று பேர் ஒரே தாளைப் பார்த்து எழுதியிருந்தார்கள்,
ஒரே எழுத்துப் பிழையோடு.
அந்த மூவருக்கும் முழு மதிப்பெண் தந்திருந்தது.

விட்டுவிடவில்லை நான்.
அடுத்த வாரம் அதனிடமே கேட்டேன்:
ஓடாத ஆற்றங்கரையில் படிக்கும் பிள்ளைகளுக்குப்
பத்துக் கேள்வி கொடு.
ஏழு நன்றாக இருந்தன.
நான் இருபது வருஷமாகக் கேட்காத கேள்விகள்.
இரண்டைத் தூக்கிப் போட்டேன்.
தப்பாக இருந்த ஒன்றைக்
கரும்பலகையில் அப்படியே எழுதி
"எங்க தப்பு, கண்டுபிடிங்க" என்றேன்.
மணி அடித்தும் யாரும் எழவில்லை.

லோகப்பிரியாவுக்கு ஒன்றரை போட்டேன்.
"அரை ஏன் போச்சு மிஸ்?"
"ஆறு எங்கிருந்து வருதுன்னு நீ எழுதலையே."
"நந்தி மலை. தெரியும் மிஸ்.
அங்கேர்ந்துதான் ஒண்ணும் வரலையே, அதான் எழுதல."

தாள் என்னிடம்தான் இருக்கிறது.
பேனா மூடியைக் கழற்றுகிறேன்,
மூடுகிறேன்.