தலைக்கவசம்

ரோமாபுரியில் மூன்றாம் நாள்
ஒரு பாதித் தூணின் முன் நிறுத்தி
சுகந்தி என்னைப் படமெடுத்தாள்.
சிரியுங்கள் என்றாள்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்:
இரண்டு எக்ஸ்கவேட்டர், பன்னிரண்டு ஆட்கள்,
தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்ச ஒருவர்.
பதினோரு நாளில் முடித்துத் தந்துவிடலாம்
இந்த மைதானம் முழுவதையும்.

தொழில்புத்தி.
சிங்கப்பூரில் கட்டடம் இடிக்கும் நிறுவனத்தில்
பாதுகாப்பு அதிகாரி நான்.
எங்கள் ஊரில் இடிபாட்டின் ஆயுள் ஒரு வாரம்,
மிஞ்சிப்போனால் ஒரு மாதம்.
பிறகு தகரவேலி, பிறகு புல்,
பிறகு விளம்பரப் பலகையில் நீச்சல்குளம்.
அங்கோ ஒரு சுவர்
ஆயிரத்தெண்ணூறு வருடமாக
விழுந்துகொண்டே இருக்கிறது,
அவசரமில்லாமல்.
அதன்மேல் ஒரு பூனை தூங்குகிறது.
பூனையிடம் யாரும் பர்மிட் கேட்பதில்லை.

பெயர் மறந்துபோன ஒரு தேவாலயம்.
அதற்குக் கீழே இன்னொரு தேவாலயம்.
அதற்கும் கீழே யாரோ குடியிருந்த வீடு.
இறங்க இறங்க நூற்றாண்டுகள் ஈரமாகின்றன.
மின்தூக்கியில் ஏறியே பழகிய முழங்கால்
முணுமுணுத்தது.
அடியாழத்தில், கல்லுக்குப் பின்னால்,
தண்ணீர் ஓடும் சத்தம்.
எங்கேயோ குழாய் ஒழுகுது என்றேன்.
சுகந்தி முறைத்தாள்.

மேலே வந்ததும் காவலாளி
தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான்.
விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.
தொப்பி.
கழற்றினேன். வழுக்கையில் குளிர் உட்கார்ந்தது.
அண்ணாந்து பார்த்தால்
தேவதூதர்களின் பாதத்தடியில் கறுப்பாய் ஒரு படலம்.
எத்தனை தலைமுறை மெழுகுவர்த்திகளோ.
யாருடைய மகனுக்குக் காய்ச்சலோ.
துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்த வாரம்
நகர மண்டப ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மழை.
ஒதுங்க இடம் தேடி
புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்குள் போனேன்.
இருபத்தாறு வருடமாக
அதன் புல்வெளியைக் குறுக்குவழியாக மட்டும் அறிந்தவன்.
வெள்ளைச் சுவரில் உள்ளங்கை வைத்தேன்.
சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி,
தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர் என்பார்கள்,
கேக்குக்குச் சாமான் சொல்வதுபோல்.
அரைத்துப் பூசியவர்கள் கைதிகள்,
நம் கரையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள்.
பளிங்குக் கற்களில் வேறு பெயர்கள்.
பூச்சோ நல்ல பூச்சு.
முட்டிப் பார்த்தேன், வழக்கப்படி.
வெற்றுச் சத்தம் எங்கும் இல்லை.

புதன்கிழமை டாங்லின் ஹால்ட்டில் வேலை.
பத்து மாடி வீவக புளோக்.
ஆட்கள் போய் வெகுநாள்.
ஆறாம் மாடியில் கடைசிச் சோதனை:
தண்ணீர் துண்டிப்பு, சரி.
மின்சாரம் துண்டிப்பு, சரி.
சமையலறையில், அடுப்பு இருந்த இடத்துக்கு மேலே,
சிவப்புச் சாமிப்பலகை மாட்டியிருந்த சதுரம்
வெளுத்துக் கிடந்தது.
அதற்கு நேர்மேலே கூரையில் கரி.
காலையும் மாலையும் ஊதுவத்தி
நாற்பது ஐம்பது வருடம் ஏறி ஏறி
அங்கேயே தங்கிவிட்ட கரி.
சாமியை எடுத்துக்கொண்டு போனவர்களால்
இதை எடுத்துப்போக முடியவில்லை.
அண்ணாந்து நின்றேன்.
கழுத்து அதே இடத்தில் வலித்தது.

“என்ன சார், விரிசலா?” என்றான் ஷஹிதுல்.
இல்லை என்றேன்.
கை தானாக மோவாய்ப் பட்டிக்குப் போயிற்று.

தளத்தில் தலைக்கவசம் கழற்றினால் அபராதம்.
எழுதுகிறவன் நான்.
போன மாதம் இவனுக்கே எழுதினேன்,
வியர்வை துடைத்த ஒரு நிமிடத்துக்காக.

ஷஹிதுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
கீழே எக்ஸ்கவேட்டரை எண்ணுகிறவன்போல் நின்றான்,
வெகுநேரம்.
இருந்ததே ஒன்றுதான்.