இருபத்திரண்டு எண்ணும்வரை

ரீடிங் எடுக்க ஆள் வர இன்னும் எட்டு நாள்.
இதுவரை நானூற்று அறுபத்தொன்பது.
ஐந்நூறைத் தாண்டினால் கணக்கே வேறு.
தாண்டிய அந்த ஒரு யூனிட்
முன்னே போனவற்றையும் திரும்பக் கூப்பிட்டு
விலை பேசும்.

கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
பேப்பர் மில்ஸ் ரோட்டில்
மாடுகூட ஏடிஎம் வாசலில்தான் படுக்கிறது,
கதவு திறக்கும்போது வரும் காற்றுக்கு.

நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம்.
வாஷிங் மெஷினைப் பகல் பதினொன்றுக்கு மாற்றினேன்.
கிரைண்டர் ஞாயிறு காலையில் மட்டும்.
டிவியின் சிவப்புப் புள்ளியைக்கூட
சுவரிலேயே அணைத்துவிடுவான் ரூபன்.
ராத்திரி பத்தரைக்குத்
தெருவின் ஏசியெல்லாம் ஒரே மூச்சில் எழும்.
முனை டிரான்ஸ்ஃபார்மர் முனகும்.
எங்கள் பல்பு வெந்தயம்போல் பழுக்கும்.
அந்த நேரத்தில் நாங்கள் போடுவதில்லை.
பன்னிரண்டுக்கு மேல், இருபத்தாறில், ஒரு மணி நேரம்.
அப்புறம் ஃபேன், ஈரத் துண்டு, சண்டை.

ஆனாலும் ஓடுகிறது.
"எங்கியோ கசியுது" என்றான்.
தண்ணீர்க் குழாயா, கீழே வாளி வைக்க?

நேற்று இரவு எல்லாவற்றையும் நிறுத்தினோம்.
ஃபேன். ஃப்ரிட்ஜ்.
மோடத்தின் பச்சை விளக்கு.
கொசு மருந்து.
வீடு அவ்வளவு சத்தமாக இருந்தது என்பது
அப்போதுதான் தெரிந்தது.

செல்போன் டார்ச்சோடு கீழே இறங்கினேன்.
மாடிப்படிக்கு அடியில் வரிசையாக எட்டு மீட்டர்.
எட்டிலும் சிவப்புக் கண்.
பக்கத்து வீட்டுக்காரருடையது
கண்ணில் தூசி விழுந்தவர் மாதிரி அடித்துக்கொண்டது.
எங்களுடையது மூன்றாவது.
இருட்டாக இருந்தது.
நிம்மதியாகத் திரும்பப் போனேன்,
சிமிட்டியது.

நின்று எண்ணினேன்.
இருபத்திரண்டில் இன்னொன்று.
மறுபடி இருபத்திரண்டு.
அவசரமே இல்லாத ஒரு சிமிட்டல்,
யாரோ தூக்கத்தில் புரள்கிற மாதிரி.

மெயினைக் கீழே இழுத்தேன்.

காலுக்குப் பக்கத்தில் ஏதோ தயங்கியது,
சுற்று குறைந்தது, நின்றது.
ஒரு டேபிள் ஃபேன்.
முன்கூண்டு இல்லை, கயிறு கட்டியிருந்தது.
அதன் எதிரே அட்டைப்பெட்டியை விரித்து
வாட்ச்மேன் லக்கன்.
என்றைக்கோ எந்த எலக்ட்ரீஷியனோ
படிக்கட்டின் பிளக்கை எங்கள் வயரில் முடிந்திருக்கிறான்.
லக்கனுக்கு அது சுவரில் இருந்த இரண்டு துளை,
அவ்வளவுதான்.

காற்று நின்ற மூன்றாம் நொடியில் அவன் நெற்றி சுருங்கியது.
கை தானாக எழுந்து கொசுவைத் தேடியது.
விழிக்கவில்லை.

மேலிருந்து போன்:
"நின்னுச்சா?"
"நின்னுடுச்சு" என்றேன்.
அந்த நொடியில் அது பொய்யில்லை.
பிறகு மெயினை மேலே தள்ளினேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு:
மிச்சம் முப்பத்தொன்று.
ஃப்ரிட்ஜுக்கு எட்டு.
ஃபேன், லைட், டிவி பன்னிரண்டு.
மெஷினும் கிரைண்டரும் நான்கு.
இரண்டு ராத்திரிக்கு ஒன்றாக இன்னொரு நான்கு.
"இது எதுக்கு?" என்றான் ரூபன்.
"கசிவு" என்றேன்.
என்னைப் பார்த்தான்,
தாளைப் பார்த்தான்,
துண்டை நனைக்கப் போனான்.

மீதி மூன்று.
எட்டு நாளில் மூன்று மணி நேர ஏசி.
எந்த ராத்திரிக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.
இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும்
இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்,
இரண்டு பேருக்கும் நம்பிக்கையில்லாமல்.

பத்தரை ஆகிறது.
தெரு எழுந்துவிட்டது. பல்பு பழுக்கிறது.
கீழே அந்த ஃபேனும் தளர்ந்திருக்கும்.
இப்போது போய் நின்றால்
இருபத்தாறாவது எண்ண வேண்டியிருக்கும்.