ஏழாவது வரி

சனிக்கிழமை நான்கு மணிக்குப்
போதகர் மெக்கில்வீன் கொண்டுவந்த தாளில்
பதினோரு வரிகள். ஏழாவது:
டெக்லன் டோர்னனைக் கொன்றவர்கள்
நம் பெஞ்சுகளில் உட்காருகிறவர்கள்.

ஸ்டென்சிலில் தட்டினேன்.
சபையின் பழைய மெஷினில்
வட்டமான எழுத்துகள் தாளைத் துளைத்துவிடும்.
அவன் பெயர் நெடுக ஓட்டைகள்.

ரொட்டி வேன் ஓட்டியவன் டெக்லன்.
மேட்டுத்தெருக் கத்தோலிக்கன்தான், ஆனாலும்
எங்கள் திருவிருந்துக்கு வெட்டிய ரொட்டி
அவன் இறக்கிவைத்தது.
செவ்வாய் விடியலில் பாலத்தருகே
தட்டுகளோடு சரிந்து கிடந்தான்.
மாவு மழையில் குழைந்து
சாலை வெள்ளையாக இருந்ததாம்.

ஆறு மணிக்குப் போதகர் திரும்பி வந்தார்.
கோட்டு சொட்டியது.
"ஹெஸ்டர், ஏழாவது வரி வேண்டாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

முன் பெஞ்சில் மிசஸ் லோகன் இருப்பார்.
பிப்ரவரியில் அவர் கணவரைக்
காரோடு கொளுத்தினார்களே,
அன்றைக்கு எதிர்க்கோயில் வாய் திறந்ததா
என்று கண்ணாலேயே கேட்பார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரன்.
கண்டிக்கிறீர்களா, ஆமா இல்லையா என்கிறான்,
ஏதோ நான்தான் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தாற்போல.
கேட்டபின் கண்டித்தால் அது கப்பம், ஹெஸ்டர்.
கேளாமல் கண்டித்தால் காட்டிக்கொடுப்பு.

நான் பேசினால் பாதிச் சபை எழுந்து
தகரக் கொட்டகையில் கத்துகிறவனிடம் போய்விடும்.
அப்புறம் அவர்களைப் பிடித்து நிறுத்த
யார் இருக்கிறார்கள்?

செவ்வாய் விடியலில்
யாரைப் பிடித்து நிறுத்தினோம் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அங்கேயே வைத்துக்கொண்டேன்.

கூரை ஒழுகுவதையும் சொன்னார்,
பாதிச் செலவைப் பொருளாளர் ஆட்கர் ஏற்றிருப்பதையும்.
ஆட்கரின் மகன் ரோனியைப் பற்றி
ஊரே முணுமுணுப்பதை மட்டும் சொல்லவில்லை.

கதவருகே போனவர் நின்றார்.
முதுகைக் காட்டியபடியே பேசினார்:
"ஞாயிறு பள்ளியில் அவனுக்கு
வாள் பற்றிய வசனங்களை மனப்பாடம் செய்வித்தது நான்தான்.
ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தான்.
பென்சில் பெட்டி பரிசு கொடுத்தேன்."

அது ஒன்றுதான் காரணம் என்று நினைக்கிறேன்.
மற்றதெல்லாம் கோட்டு.

சிவப்புத் திரவத்தை எடுத்தேன்.
நகப்பூச்சு வாசனை.
ஊதிக் காயவைத்து அதன் மேலேயே தட்டினேன்:
எல்லா வன்முறையும் ஆழ்ந்த வருத்தத்துக்குரியது.
எண்ணி எடுத்தாற்போல் அதே நீளம்.
யாருக்கும் சந்தேகம் வராது.

மறுநாள் நூற்றுநாற்பது பிரதிகள்.
மிசஸ் லோகன் நான்காக மடித்துப் பையில் வைத்தார்.
தொலைக்காட்சிக்காரன் ஒருமுறை படித்து
மழைக்குத் தலையில் பிடித்துக்கொண்டான்.
காணிக்கைத் தட்டோடு ரோனி என் வரிசைக்கு வந்தான்.
நகங்கள் சுத்தமாக இருந்தன.
காசைப் போட்டேன்.

திங்கட்கிழமை பெட்ரோல் பங்கில்
எங்கள் போதகரும் ஃபாதர் குவிக்கும்
எதிரெதிரே நின்றார்கள்.
"மழை விடாது போலிருக்கிறது."
"விடாது."
இருவரும் வானத்தைப் பார்த்தார்கள், நெடுநேரம்.
பிப்ரவரியில் ஃபாதரின் தாளில்
எது ஏழாவது வரியாக இருந்ததோ.

பழைய ஸ்டென்சில்களை எரிப்பது வழக்கம்.
இதை எரிக்கவில்லை.
ஜன்னலில் பிடித்தால்
சிவப்புக்கு அடியில் எழுத்துகள் தெரிகின்றன,
வட்டமானவை மட்டும்.
பதினோரு வருடமாக அலமாரியில் இருக்கிறது.
யாரிடமும் காட்டியதில்லை.
நான் போதகர் இல்லையே,
என்னிடம் யாரும் கேட்கவில்லையே
என்று இருந்துவிட்டேன்.
பூசிய தூரிகை என்னவோ என் கையில்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் ரொட்டி வந்தது.
புது ஓட்டுநர், சின்னப் பையன்.
கையெழுத்து வாங்கும்போது
தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.
பேனா எழுதவில்லை என்று
உள்ளே போய்விட்டேன்.