துறை மாறும் தீவு

பிரான்சின் மூக்கு நுனியிலிருந்து
பத்தே நிமிடக் கடல்.
டிக்கெட்டில் ஓட்டை போடும் பையன்
எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறான்:
"திரும்பும்போது படகு இந்தத் துறைக்கு வராது.
ஓதம் வற்றினால் அடுத்தது,
இன்னும் வற்றினால் அதற்கும் அடுத்தது."
கூல்வென் தலையாட்டினான்.
எதையும் காதில் வாங்காதபோதுதான்
அவ்வளவு அழகாகத் தலையாட்டுவான்.

தீவில் கார் கிடையாது.
ஒரு டிராக்டர், அதன் பின்னால் பெட்டி படுக்கை,
ஒரு குளிர்பதனப் பெட்டி,
அதன்மேல் உட்கார்ந்து எங்களைக் கடந்துபோன நாய்.
பிறகு சத்தமே இல்லை.
நம் செருப்பு இவ்வளவு பேசுமா என்று
அப்போதுதான் தெரிந்தது.

கலங்கரை விளக்கம்வரை போவதாகத் திட்டம்.
முதல் திருப்பத்திலேயே ஒரு சுவர்,
ரோஸ் நிறப் பாறையில் அடுக்கியது,
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் இளஞ்சூடு.
முதுகைச் சாய்த்தோம்.
அங்கேயே பதினொன்று ஆயிற்று.

ஒரு வாசலில் பலகைமேல் அத்திப்பழம்,
பக்கத்தில் காசு போட ஒரு பிஸ்கட் டப்பா.
ஆள் இல்லை. என்னிடம் சில்லறையும் இல்லை.
காகிதத்தில் எழுதி வைத்தேன்:
'ஆறு பழம். இரண்டு யூரோ கடன்.
ரோஸென், அக்கரை.'

மூன்று மணிக்குள் கடல் எங்கோ போய்விட்டது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன,
விருந்துக்கு வந்த இடத்தில் கண்ணயர்ந்த மாமாக்கள் மாதிரி.
காலையில் விரல்விட்டு எண்ணிய பதினேழு குட்டித் தீவுகளும்
இப்போது ஒரே நிலம்.
ஒரு பெண் ரப்பர் பூட்ஸுடன் நடந்துபோய்
சிப்பி மூட்டைகளைப் புரட்டிப் போட்டாள்.
"நீந்த வேண்டிய இடத்தில் நடக்கிறாள்" என்றான் கூல்வென்.
இருபத்தாறு வருடத்தில்
நான் மறுக்காத அவனுடைய வாக்கியங்களில்
இதையும் சேர்த்துக்கொண்டேன்.

தொலைவில் கலங்கரை விளக்கம் தெரிந்தது.
தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

ஆறு மணிக்கு வந்தால்
துறை இருக்கிறது, கடல் இல்லை.
பாசிப் படியில் ஒரு நண்டு மட்டும்
வரிசையில் நின்றது.
அடுத்த துறைக்கு ஓடினோம்
(ஓட்டம் என்பது எங்கள் மரியாதைக்காகச் சொல்வது).
அங்கும் மணல்.
மூன்றாவதில் படகு.
நுனியில் அதே பையன், கையைக் கட்டிக்கொண்டு.
எங்களுக்காக நாலு நிமிடம்
எங்கிருந்தோ திருடி வைத்திருந்தான்.

மூச்சு சீரானபின் கூல்வென்
சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான்:
நசுங்கிய அத்திப்பழம்,
பையெல்லாம் ஊதாச் சாறு.
ஆறையும் அந்தச் சுவரடியிலேயே தின்று முடித்திருந்தோம்.

பாதியைக் கடித்துவிட்டுத்தான் கேட்டேன்,
இது எப்படி ஏழாவது என்று.
அழகாகத் தலையாட்டினான்.